மழைக்காட்டின் அடுக்குகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது: திருகோணமலைப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு இயற்கை வகுப்பு நடத்தும்போது, பெற்றோரும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆறு வயது முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. செய்முறைகளுக்கு வேண்டியதெல்லாம் வீட்டிலும் வளவிலும் கிடைப்பவைதான்.

மழைக்காட்டில் எத்தனை அடுக்கு? ஒரு புத்தகம் நான்கு என்கிறது, இன்னொன்று ஐந்து என்கிறது.

பிள்ளைகளுக்கு நான்கு போதும். மேலிருந்து கீழாகச் சொன்னால்: மற்ற மரங்களைத் தாண்டித் தலை நீட்டி நிற்கும் பெருமரங்களின் உச்சி அடுக்கு, மரத்தலைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூரை போட்டது போல் நிற்கும் விதானம், அதன் நிழலில் இளமரமும் குட்டைமரமும் பிரம்பும் பற்றையும் வளரும் கீழடுக்கு, சருகும் வேரும் கிடக்கும் தரை. ஐந்து என்று சொல்பவர்கள் கீழடுக்கை இரண்டாகப் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். காட்டுக்குள் யாரும் கோடு கீறி வைக்கவில்லை. பாடநூலில் எத்தனை என்று இருக்கிறதோ, அத்தனையைப் பரீட்சைத் தாளில் எழுதட்டும்.

எங்கிருந்து தொடங்குவது? மிருகங்களின் படங்களைக் காட்டியா?

வெளிச்சத்திலிருந்து தொடங்குங்கள். இந்தப் பக்கத்தில் நான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்வது இதைத்தான். நான்கு கட்டம் கீறி, ஒவ்வொன்றுக்குள்ளும் மிருகங்களின் பெயரை எழுதப் பழக்கினால் பிள்ளை அடுத்த கிழமையே மறந்துவிடும். கழுகு ஏன் மேலே, அட்டை ஏன் கீழே என்று விளங்கிய பிள்ளைக்கு, கேள்விப்பட்டே இராத ஒரு மிருகத்தைச் சொன்னாலும் அது எந்த அடுக்கில் இருக்கும் என்று யோசித்துச் சொல்ல வரும்.

மழைக்காட்டில் மழைக்கும் சூட்டுக்கும் வருடம் முழுக்கப் பஞ்சமில்லை. பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். அதற்காகத்தான் மரங்கள் போட்டி போட்டு உயர்கின்றன. விதானத்தின் மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தரைக்கு வந்து சேர்கிறது. வெளிச்சம் குறையும்போது மற்ற எல்லாமே கூடவே மாறுகின்றன. உச்சியில் காற்று அடிக்கும், வெயில் சுடும், மழை நேரே அறையும். தரையில் காற்று அசையாது, ஈரம் காயாது. வெயில் நன்றாகப் படும் விதானத்தில்தான் இலையும் பூவும் பழமும் மிகுதி; ஆகவே அதைத் தின்னும் உயிர்களும் அவற்றைப் பிடித்துத் தின்னும் உயிர்களும் அங்கேதான் மிகுதி. காட்டில் உள்ள உயிரினங்களில் பெரும்பகுதி நிலத்தில் கால் வைப்பதே அரிது என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

கரையோரப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம். புறாமலைத் தீவுப் பக்கம் கடலில் மூழ்கிப் பார்த்தவர்களின் கதை அவர்கள் வீட்டிலேயே இருக்கும்: இறங்க இறங்க வெளிச்சம் மங்கும், ஆழத்துக்கு ஆழம் வேறு வேறு மீன் தென்படும். காட்டிலும் அதே கதைதான். தண்ணீருக்குப் பதிலாக இலை.

அதை வீட்டில் எப்படிக் காட்டுவது?

உயரமான காட்போட் பெட்டி ஒன்று எடுங்கள். கடைகளில் பிஸ்கட் வரும் பெட்டிகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினாலும் சரி. மேல்பக்கம் திறந்திருக்கட்டும். பக்கச்சுவரில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குத் துளை வெட்டுங்கள். நடுவில் இன்னொன்று, மேலே இன்னொன்று. அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, அதில் பிள்ளையின் பெயரைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இப்போது மேலே ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைக் கீழ்த்துளையில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெளிவாகத் தெரியும். பிறகு வளவில் பறித்த வேப்பங்கொத்தை மேல்வாயில் பரப்புங்கள். அதற்குக் கீழே, நடுத்துளைக்கு மேலாக நூல் கட்டி இன்னொரு கொத்து. அதற்கும் கீழே இரண்டு மூன்று பூவரசம் இலை. ஒவ்வொரு முறையும் பிள்ளை அதே துளையால் பார்க்க வேண்டும். பெயர் மங்கி, எழுத்து எழுத்தாகக் காணாமல் போகும். கடைசியில் ஓர் இலைக்கும் இன்னோர் இலைக்கும் இடையால் ஒரு சின்னப் புள்ளி வெளிச்சம் மட்டும் தாளில் விழுந்து கிடக்கும். அந்தப் புள்ளியை விரலால் காட்டி, “இதில்தான் ஒரு விதை முளைக்கப் பார்க்கிறது” என்று சொல்லுங்கள்.

அடுத்ததாக மேலிருக்கும் கொத்தில் பாதியை ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள். கீழே பளிச்சென்று வெளிச்சம் விழும். மழைக்காட்டில் ஒரு பெருமரம் சரிந்தால் நடப்பது இதுதான். பல வருடமாக முழங்கால் உயரத்திலேயே காத்துக் கிடந்த கன்றுகள் அந்த ஒரு திறப்புக்காக ஒன்றையொன்று முந்தி உயரும்.

மூதூர், சேருவில, குச்சவெளிப் பக்கம் நாம் காணும் காடும் மழைக்காடுதானா?

இல்லை, அது உலர் வலயக் காடு. திருகோணமலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலம் வெடித்துக் கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். தென்மேற்கில் இருக்கும் சிங்கராஜ வனத்துக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை. இரண்டு பருவக்காற்றும் அதற்கு மழை கொடுப்பதால் அங்கே நீண்ட வறட்சி என்பதே இல்லை.

ஆனால் நம் காட்டுக்கும் அடுக்கு உண்டு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் மேலே, அவற்றின் நிழலில் சூரை, குருந்து போன்ற பற்றைகள், கீழே சருகு. உயரம் குறைவு, கூரை அவ்வளவு நெருக்கம் இல்லை, வெளிச்சம் தாராளமாகத் தரைக்கு வரும். பாலை மரத்து இலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: தடிப்பாக, தோல் போல இருக்கும். தண்ணீரை விடாமல் பிடித்து வைக்க வேண்டிய இலை அது. மழைக்காட்டு இலைக்கு வேலை நேர்மாறு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

யானை நடமாடும் இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகத் தேவையில்லை. ஒரு கோயில் வளவு ஆலமரமோ பாடசாலை வளவு வேம்போ போதும்.

புத்தகங்களில் எல்லாம் அமேசன்தானே இருக்கிறது? பிள்ளைகளுக்குச் சிங்கராஜவை ஏன் முதலில் சொல்ல வேண்டும்?

அமேசன் 55 லட்சம் சதுர கிலோமீற்றர் பரந்தது, சிங்கராஜவின் உலக மரபுரிமைப் பகுதி 90 சதுர கிலோமீற்றர் கூட இல்லை. ஆனாலும் அடுக்கு, வெளிச்சம், போட்டி எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பிள்ளை தன் நாட்டு வரைபடத்தில் இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்கள் சந்திக்கும் இடத்தை விரலால் தொட்டு “இங்கே” என்று சொல்லக்கூடிய ஒரு மழைக்காடு இருக்கும்போது, அதைத் தாண்டிக் கடல்களுக்கு அப்பால் ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள மரங்களில் நூற்றில் அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அமேசனுக்கு அப்புறம் போகலாம். அப்போது பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்று இருக்கும்.

ஒவ்வொரு அடுக்கிலும் யார் யார் இருக்கிறார்கள்?

தரையிலிருந்து ஏறுவோம். பிள்ளைகளும் அப்படித்தான் ஏறுவார்கள்.

தரை இருட்டும் ஈரமும். படங்களில் மழைக்காட்டுத் தரையைக் கத்தியால் வெட்டி வழி எடுக்கும் பற்றையாகக் காட்டுகிறார்கள். நல்ல முதிர்ந்த காட்டுக்குள் அப்படி இல்லை. வெளிச்சம் இல்லாததால் கீழே செடிகொடி குறைவு, மரங்களுக்கிடையே நடக்கலாம். பற்றை அடர்ந்து கிடப்பது ஆற்றங்கரையிலும் பாதையோரத்திலும் மரம் விழுந்த இடத்திலும்தான். தரையில் விழும் சருகைக் கறையானும் மண்புழுவும் மரவட்டையும் காளானும் சேர்ந்து மண்ணாக்குகின்றன. சருகைக் கிளறிக்கொண்டு காட்டுக்கோழி, நத்தைகள், பூனையளவே உள்ள சருகுமான், சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் சிறிய குழிவிரியன், நம் மணம் பிடித்து வரும் அட்டைகள் எல்லாம் இங்கே. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போவது ஒரு சிறு ஓணான். பயந்தால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால் இரண்டில் மட்டும் சருகின் மேலே ஓடும். அதைச் செய்து காட்டச் சொன்னால் வகுப்பே எழுந்து நிற்கும்.

கீழடுக்கில் மரத்தண்டுகளை அணைத்தபடி இன்னொரு ஓணான் இருக்கிறது. ஆணின் மூக்கின் மேல் உருண்டையாக ஒரு குமிழ். மெதுவாகத்தான் நகரும், எதிரி வந்தால் வாயை அகலத் திறந்து உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டி மிரட்டும். கிளையோடு கிளையாகப் பச்சை விரியன் தொங்கும். கொக்கி முட்களால் மற்ற மரங்களைப் பற்றிப் பிடித்துப் பிரம்பு மேலே ஏறும். இந்த அடுக்கின் பற்றைத் தவளைகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். தவளை என்றால் முட்டை, வாற்பேத்தை, பிறகு தவளை என்றுதான் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். இலங்கை மழைக்காடுகளின் பற்றைத் தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாற்பேத்தைப் பருவம் வெளியே கிடையாது. ஈர மண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் முடிந்து, நகத்தளவு தவளைக்குஞ்சு வெளியே குதிக்கும். குளம் தேவையில்லை. கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ கச்சான் காலத்தில் அப்படி முட்டையிட்டால் ஒரு பகலில் காய்ந்துவிடும். காயாத ஈரம் இருக்கும் அடுக்கில்தான் அது நடக்கும். ஏன் இந்த உயிர் இந்த அடுக்கில் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரிந்து இல்லை.

விதானம்தான் காட்டின் பெரிய சாப்பாட்டுக்கடை. இலையையே முக்கிய உணவாகத் தின்னும் ஊதாமுக மந்தி இங்கே. இலையைச் செரிக்க அதற்குப் பல அறை கொண்ட வயிறு. மலையணில் கிளைக்குக் கிளை பாயும். நீல உடலும் சிவந்த அலகும் கொண்ட இலங்கை நீல வால்காக்கை, முகம் முழுக்கச் சிவந்த ஒரு குயிலினம், குக்குறுவான், பழந்தின்னி வௌவால் என்று பட்டியல் நீளும். மரக்கிளைகளில் ஓர்க்கிட்டுகளும் பன்னங்களும் வேர் பிடித்து உட்கார்ந்திருக்கும். அவை மரத்தை உறிஞ்சுவதில்லை. வெளிச்சத்துக்காக உயரத்தில் இடம் பிடித்தவை.

உச்சி அடுக்கில் ஆட்கள் குறைவு. சிங்களத்தில் ஹொர என்று அழைக்கப்படும் மரம் நாற்பது மீற்றருக்கு மேல் உயரும். அதன் காய்க்கு இரண்டு நீண்ட இறக்கை. காற்றில் சுழன்று சுழன்று இறங்கும். கீழே அந்தக் காய்க்கு வேலை இல்லை, ஏனென்றால் அங்கே காற்று இல்லை. ஒரு தாளை இரண்டு இறக்கையாகக் கிழித்து அடியில் ஒரு கிளிப் குத்தி மாடியிலிருந்து போடச் சொல்லுங்கள். பிறகு அதையே மூடிய அறைக்குள் கதிரையில் நின்று போடச் சொல்லுங்கள். எது தள்ளிப் போய் விழுந்தது என்பதைப் பிள்ளையே சொல்லும். பெருந்தேனீக்கள் உயர்ந்த மரங்களின் கிளைகளில் கூடு கட்டுவதும், கருங்கழுகு விதானத்துக்குச் சற்று மேலாகத் தாழப் பறந்து பறவைக்கூடுகளைத் தேடுவதும் இந்த உயரத்தில்தான்.

சிங்கராஜவில் சிங்கம் இருக்கிறதா? புலி?

இரண்டும் இல்லை. இலங்கைக் காடுகளில் இன்று உள்ள ஒரே பெரிய பூனையினம் சிறுத்தை.

மழைக்காட்டு இலைக்கு வேலை வேறு என்றீர்களே?

இலை மேல் தண்ணீர் தேங்கினால் பாசியும் பூஞ்சணமும் பிடித்து, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்துவிடும். ஆகவே மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலை நுனி மெலிந்து நீண்டிருக்கும். தண்ணீர் அந்த நுனியால் வழிந்து சொட்டும்.

இதைப் பார்க்கச் சிங்கராஜவுக்குப் போக வேண்டியதில்லை. அரச மரத்து இலை ஒன்றும் பலா இலை ஒன்றும் போதும். இரண்டையும் காம்பில் பிடித்துச் சற்றே சரித்து, ஒரு கரண்டித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அரசிலையில் நரம்பு வழியே ஓடிய தண்ணீர் நடுவில் சேர்ந்து, வால் போன்ற நுனியால் துளித்துளியாக இறங்கும். பலா இலையின் மொட்டை நுனியில் கடைசித் துளி விழாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். அரசிலையின் வாலைக் கத்திரிக்கோலால் வெட்டிவிட்டு மீண்டும் ஊற்றிப் பார்க்கலாம். கோயில் அரச மரத்தில் பறிக்காமல் விழுந்த இலையாக, பச்சை மாறாததாகப் பொறுக்குங்கள்.

நம் ஊரில் அடுக்கு அடுக்காக மிருகங்களைப் பார்க்க எங்கே கூட்டிப் போவது?

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்பதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். பார்த்த இடத்தையே வேறு கண்ணோடு பார்க்க வையுங்கள். ஒரு பெரிய மரத்தடியில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்காருங்கள். ஒரு தாளில் மூன்று பட்டை கீறி, யார் மேலே, யார் நடுவில், யார் கீழே என்று பிள்ளை குறிக்கட்டும். குரங்கு கிளையில் இருந்து தின்னும்போது பாதியைக் கீழே சிந்தும். சிந்தும் இலையையும் காயையும் தின்ன மான் மரத்தடிக்கு வரும். காடுகளில் மந்தியும் புள்ளிமானும் இப்படிச் சேர்ந்தே திரிவது நன்கு அறியப்பட்டது. மேலிருக்கும் மந்தி ஆபத்தைத் தூரத்திலேயே கண்டு கத்தினால் கீழே மானுக்கும் அது எச்சரிக்கை. மேலடுக்கு சிந்துவதில் கீழடுக்கு வாழ்கிறது என்பதை இங்கேயே கண்ணால் காணலாம்.

மானுக்கு எதையும் கொடுக்க விடாதீர்கள். சாப்பாடு சுற்றிய பொலித்தீனைத் தின்று நம் நகரத்து மான்கள் சாவது பிள்ளைகள் அறிய வேண்டிய உண்மை. கொண்டு போன தாளையும் போத்தலையும் திருப்பிக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அமேசன் மிருகங்களையும் பிள்ளைகள் கேட்கிறார்களே?

கேட்கட்டும், அவை அழகான உயிர்கள். உச்சியில் ஹார்பி கழுகு. கபோக் என்ற இலவமர இனம் அறுபது மீற்றர் வரை உயர்ந்து அதற்கு இடம் கொடுக்கும். விதானத்தில் அலறும் குரங்கும் பெரிய அலகுப் பறவையான டூக்கானும் தேவாங்கை விட மெதுவான சிலோத்தும். தரையில் சிறுத்தை போன்ற ஜகுவார், பன்றி போன்ற டபீர், இலைவெட்டி எறும்பு. எல்லாவற்றையும் சொல்லாமல் இரண்டை மட்டும் விரித்துச் சொல்லுங்கள். மூவிரல் சிலோத் இலையைத் தின்று மரத்திலேயே கிடக்கும். மலம் கழிக்க மட்டும் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை தரைக்கு இறங்கும். இறங்கும் நேரமே அதற்கு ஆபத்தான நேரம். இலைவெட்டி எறும்பு விதானம் வரை ஏறி இலையை வெட்டிக் கீழே மண்ணுக்குள் கொண்டு போகும். அந்த இலையை அது தின்பதில்லை; அதை உரமாகப் போட்டு ஒரு பூஞ்சணத்தை வளர்த்து, அதைத் தின்னும். நம் வயல் பிள்ளைகளுக்கு உரம் போட்டுப் பயிர் செய்யும் எறும்பை மிகவும் பிடிக்கும்.

இவ்வளவு மரம் நிற்கும் மண் நல்ல வளமாக இருக்குமே? அங்கே நெல் போட்டால் விளையாதா?

தம்பலகாமத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது, பெரியவர்களும் கேட்கிறார்கள். நீடித்து விளையாது. விழுந்த இலை சில மாதங்களுக்குள் மட்கி, அதில் உள்ள சத்தை மேலோட்டமாகப் பரவிய வேர்கள் உடனே திரும்ப எடுத்துக்கொள்ளும். சத்து மண்ணில் தேங்குவதில்லை, உயிரோடு நிற்கும் மரங்களுக்குள் இருக்கிறது. மரத்தை வெட்டிக் கொண்டு போனால் சத்தும் லொறியில் போய்விடும். மிஞ்சும் மண்ணைப் பெருமழை கழுவிவிடும். வேர் ஆழமாகப் போகாததால்தான் பெருமரங்கள் அடியில் சுவர் போன்ற பலகை வேர்களை விரித்துத் தாங்கி நிற்கின்றன.

விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்க ஏதாவது?

சிங்கராஜவின் கலப்புப் பறவைக் கூட்டத்தை நடிக்க வையுங்கள். அங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகக் காட்டைச் சுற்றி வரும். சராசரியாக நாற்பது பறவைகள் அளவில், பத்துக்கு மேற்பட்ட இனங்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார்கள். பறவையியலாளர் பேராசிரியர் சரத் கொட்டகமவின் பெயர் இதில் முக்கியமானது. கூட்டத்தைச் சேர்த்து வைப்பவை இரண்டு: ஓயாமல் கலகலக்கும் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன், மேலே இருந்து காவல் பார்க்கும் கொண்டைக் கரிக்குருவி. கரிக்குருவி மற்றப் பறவைகளின் குரலையும் போலச் செய்யும்.

பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் நன்று. இரண்டு பேர் குந்தியிருந்து சருகு கிளறுவார்கள். ஐந்தாறு பேர் சிலம்பன்கள். நடந்துகொண்டே கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேர் கையை உயர்த்திப் பழம் பறிப்பவர்கள். ஒருவர் வாங்கில் ஏறி நிற்கும் கரிக்குருவி. ஒருவர் வல்லூறு, ஒளிந்து வருவார். கரிக்குருவி கத்தினால் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தவர் பிடிபட்டார். ஒருமுறை கரிக்குருவியுடன் ஆடிவிட்டு, அடுத்த முறை கரிக்குருவியை எடுத்துவிட்டு ஆடுங்கள். எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று பிள்ளைகளே எண்ணுவார்கள். கரிக்குருவிக்கு இதில் என்ன லாபம் என்று யாராவது கேட்பார்கள். கீழே இருப்பவர்கள் கிளறும்போது எழும்பும் பூச்சி அதற்கு உணவு.

இன்றும் புதிய மிருகங்கள் கண்டுபிடிக்கப்படுகின்றனவா?

ஆம். 1995இல் கித்துல்கல காட்டில் பறவையியலாளர் தீபால் வரகாகொட, தனக்குத் தெரிந்த எந்தப் பறவையினதும் அல்லாத ஒரு குரலை இரவில் கேட்டார். குரலுக்கு உரியதைக் கண்ணால் காண 2001 வரை ஆனது. சிங்கராஜவில் கண்ட அது ஒரு சிறிய செம்பழுப்பு ஆந்தை. 2004இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை இனம் அது. இத்தனை காலம் தப்பியதற்குக் காரணம் அது வாழும் அடுக்கு: பகலில் கீழடுக்குப் புதருக்குள் உறங்கும், இரவில் தரைக்கு அருகே இரை தேடும். இந்தக் கதையைச் சொன்ன பிறகு பிள்ளைகளைக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் முற்றத்தில் இருக்க வைத்து, கேட்ட குரல் ஒவ்வொன்றும் மேலிருந்தா கீழிருந்தா வந்தது என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.

காடு அழிவதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? பயந்துவிடமாட்டார்களா?

சொல்லுங்கள், ஆனால் முழுக்கதையாகச் சொல்லுங்கள். 1970களில் சிங்கராஜவின் ஒரு பகுதியில் ஒட்டுப்பலகை ஆலைக்காகப் பெருமரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்த்தார்கள், அந்தத் தசாப்தம் முடியுமுன் வெட்டுவது நிறுத்தப்பட்டது. காட்டின் ஓரங்களில் பைன் மரம் நடப்பட்ட இடங்களும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் பைன் தோட்டத்தில் வரிசை வரிசையாக மரத்தை எடுத்து, திறப்பின் அகலத்தை மாற்றி மாற்றி, சிங்கராஜ மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு வெளிச்சம் விட்டால் எந்தக் கன்று வளரும் என்பதே அவர்கள் தேடியது. நீங்கள் காட்போட் பெட்டியில் செய்ததைப் பெரியவர்கள் உண்மைக் காட்டில் செய்தார்கள் என்று சொன்னால், பிள்ளைகள் பயப்படாமல் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா?

சுற்றாடல் பகுதிக்கு உதவும். அதற்காக இதை மனப்பாட அட்டவணை ஆக்க வேண்டாம் என்று பெற்றோரை மனதாரக் கேட்கிறேன்.

நேரில் மழைக்காட்டைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

பாடசாலைச் சுற்றுலா கண்டிக்குப் போனால், தலதா மாளிகைக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் உடவத்தகெலக் காட்டுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மனிதக் கை பட்ட சிறிய காடுதான். ஆனால் விதானத்தின் கீழ் நிற்பது என்றால் என்ன என்பது முதல் வளைவிலேயே தெரியும். போகும் வழியில் தம்புள்ளையில் 1963இல் பொப்பம் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய மரவனம் இருக்கிறது. உலர் வலயக் காடு தானாக மீளும் விதத்தைக் காட்டுவதற்கு ஏற்றது. ஒரே பயணத்தில் இரண்டு காட்டையும் பிள்ளைகள் ஒப்பிடலாம்.

சிங்கராஜ ஒரே நாளில் போய் வரும் தூரம் இல்லை. தை முதல் சித்திரைத் தொடக்கம் வரை மழை சற்றுக் குறைவு. வனத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். குடை வேண்டாம், பற்றையில் மாட்டும். மழைச்சட்டை கொண்டு போங்கள். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல், அதன் வாய்ப்பக்கத்தில் நகத்தை நுழைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், நோகாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.